வாயில் வராத பெயர்

ஓசூர்

அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். வில்லாபுரம் வீட்டில் தனியாக இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ஓய்வுக்குப் பின் கிடைத்த இந்தப் பள்ளி வேலையில் நான் நலம்தான்.

கணவன் பெயரைச் சொல்லாமலே செத்துப்போன ஒருத்தியைப் பற்றி, போன நூற்றாண்டுப் பெண் கவிஞர் ஒருவர் எழுதிய கவிதையை நேற்று நடத்தினேன். நம் மேலூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் பாண்டிமீனா எழுந்தாள்.

"டீச்சர், சார் பேரு என்ன?"

உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

"இம்புட்டுப் படிச்ச நீங்களே இப்புடின்னா, நாங்க எம்மாத்திரம் டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். முப்பது வருடம் நடத்திய கவிதை என் வாயையே திறக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்துவிடப் போகிறது?

மூட்டுவலித் தைலம் அனுப்புங்கள். என்னை நீங்கள் 'இந்தா' என்றுதான் கூப்பிடுவீர்கள். அம்மா போன பின் என் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு தடவை சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். மறந்திருந்தால் கீழே எழுதியிருக்கிறேன். மணி அடித்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கப்பொண்ணு