பிந்தி வந்த படகு

என் பாசத்துக்குரிய முரளி அண்ணனுக்கு,

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் முதலில் படம் அனுப்பச் சொல்லியிருப்பாய். அடுத்ததாக, அந்த ஊரில் ஐஸ் காச்சாங் இனிப்புக்குச் சீவிய ஐஸ் சும்மாவே கிடைக்குமா என்று கேட்டிருப்பாய். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு உனக்குத் தண்ணீர்கூட அளவுதான். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, கடைவாயில் அடக்கியபடியே பேசுவாய். பாதி புரியாது.

நான் மேல்படிப்புக்கு வந்திருக்கிறேன் அண்ணா. வெள்ளம், பூகம்பம், போர் என்று வந்தால் மக்களை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித்தரும் முதுகலைப் படிப்பு. முதல் வருடம் இந்த நாட்டில், அடுத்தது வேறொரு நாட்டில். பல தேசத்துப் பிள்ளைகள் படிக்கிறோம். அம்மா தோட்டத்தில் எல்லாரிடமும், "எம்மவ பாஞ்சிருக்குப் படிக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். வெள்ளத்துக்கு அவள் வாயில் வருவது அந்த மலாய்ச் சொல்தான். சொல்லிவிட்டு அழுகிறாளாம்.

உண்மையைச் சொன்னால், கோபத்தில்தான் விண்ணப்பித்தேன். உன்னை யாரோ தவறாகக் கைவிட்டுவிட்டார்கள், எது தவறு என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கோபம்.

தோட்டம் மூழ்கிய அந்த மழையில் அம்மா ராவாங்கில் சித்தி வீட்டில் இருந்தாள். நான் புஞ்சாக் ஆலாமில், வேலை செய்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஆறு பெருகி லய வீடுகளுக்குள் வந்தபோது லோரியில் பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் ஏற்றினார்கள். நீ அடுத்த நடையில் வருவதாகச் சொன்னாய். அந்த லோரியால் திரும்பி வர முடியவில்லை. நீ தோட்டத்துக் கணக்கர் இருக்கும் கிராணி ஆபீஸ் மாடியில் ஏறிக்கொண்டாய். ஏற்கெனவே சாலை மூழ்கியதில் உன் டயாலிசிஸ் தவறிப்போயிருந்தது. மாடியில் இருக்கும்போதே அடுத்ததும் தவறியது.

ஜெராமில் டயர் கடை வைத்திருக்கும் குணா அண்ணன், உன் பள்ளித்தோழர், மீனவர்களிடம் ஒரு படகைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். உன்னைக் கூட்டி வந்துவிடுவதாக எனக்குப் போனில் வாக்குக் கொடுத்தார். ஆனால் படகு முதலில், பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனது. உன்னிடம் வந்து சேர்ந்தது மறுநாள்தான். வெள்ளம் உன் பாதத்தைக்கூட நனைக்கவில்லை அண்ணா. ஆனால் நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார் டாக்டர். உன் உடம்பில் வெளியேற வழியில்லாமல் சேர்ந்த தண்ணீர். அன்றைக்கே போய்விட்டாய். சாவு வீட்டில் குணா அண்ணனுக்கு நான் முகம் கொடுக்கவில்லை.

இங்கே வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தார்கள். அவரவர் நாட்டில் நடந்த ஒரு நிலைமையை எழுதித் தர வேண்டும். மற்றவர்கள் அதற்கு முடிவெடுக்க வேண்டும். நான் உன்னை எழுதினேன், பெயரில்லாமல். ஒரே படகு. இருட்டுவதற்குள் ஒரே ஒரு பயணம். ஒரு பக்கம், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் முதியவர்களும். இன்னொரு பக்கம், டயாலிசிஸ் தவறிய ஒருவர், மாடியில் தனியாக. உனக்காக ஒருவராவது வாதாடுவதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

யாரும் வாதாடவில்லை. நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், நல்லவள், என்னோடு ஒரே அறையில் இருப்பவள், கொஞ்சமும் யோசிக்காமல் பள்ளிக்கூடம் என்றாள். மாடியில் இருப்பவருக்கு இன்னும் சில மணி நேரம் தாங்கும், பிள்ளைகளுக்குத் தாங்காது என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆசிரியை என் பக்கம் திரும்பி, நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் என்றேன்.

வாயில் வந்தது அதுதான் அண்ணா. பொய்யும் இல்லை. சொன்ன பிறகு கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன். பயிற்சி அடுத்தவர் எழுதிய நாட்டுக்குப் போய்விட்டது. உன்னை இரண்டாம் தடவையும் அந்த மாடியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் திதிக்கு ஊருக்கு வந்தபோது ஜெராமுக்குப் போனேன். குணா அண்ணன் ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. இத்தனை நாள் கேட்க நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, "நானா இருந்தாலும் ஸ்கூலுக்குத்தான் போயிருப்பேன் அண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை. சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"அது இல்லம்மா. முரளி எனக்கு போன் அடிச்சுக்கிட்டே இருந்தான். ரெண்டு தடவ எடுத்தேன். வந்துருவேன் வந்துருவேன்னு சொன்னேன் லா. அப்புறமும் அடிச்சான். நான் எடுக்கல."

ஏன் என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? வர முடியாதுன்னு சொல்ல வாய் வரல. பிள்ளைங்க படகுல இருக்கு, கைல துடுப்பு இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எடுத்திருக்கலாம். அவன் பாட்டுக்கு எதையாவது பேசியிருப்பான்."

அவரை மன்னித்தேனா? தெரியவில்லை. அவர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

எடுக்கப்படாத அந்த அழைப்பில் நீ என்ன சொல்ல இருந்தாய் அண்ணா? சீக்கிரம் வா என்றா? மூச்சு வாங்குகிறது என்றா? இருட்டில் கொஞ்ச நேரம் ஒரு மனிதக் குரல் போதும் என்றா? எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. யாரிடம் முதலில் போவது என்று சொல்லித்தருகிறார்கள். போகாத வீட்டுக்கு யார் சொல்வது என்று இதுவரை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

டயாலிசிஸ் நோயாளிகளை மழைக்கு முன்பே டவுனுக்கு மாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் ஆய்வு. நம் தோட்டங்களுக்கு அது என்றைக்கு வந்து சேருமோ தெரியாது. அதற்குள் இன்னும் எத்தனை மழை வரும்?

அடுத்த மாதம் எங்களை வேறொரு நாட்டின் ஆற்றோரத்துக்குக் களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அங்கே படகு எங்கே போவது என்று முடிவெடுக்கும் மேசையில் நானும் உட்காருவேன். யாரையாவது விட்டுவிட வேண்டியும் வரும். அப்படி வந்தால், படகு இப்போது வராது என்று அவரிடம் நானே சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். அழுதால் கூடவே இருப்பேன். அந்தப் பக்கத்தில் குரல் இருக்கும்வரை போனை வைக்க மாட்டேன் அண்ணா. உன் மேல் சத்தியம்.

உன்னோடு கடைசியாகப் பேசக் கிடைக்காத,
உன் தங்கச்சி ரேவதி