ருக்குமணி வாசலில் நிற்கப்போகும் வேன்

ஞாயிறு, இரவு.

காலையில் நெருப்பெரிச்சல் சமுதாயக் கூடத்தில் மகளிர் குழுவும் பனியன் கம்பெனிகளும் சேர்ந்து வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பேத்தி சங்கீதாவுக்குப் பெருமாநல்லூர் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. நான் சந்தோஷப்படுவதற்குள் கம்பெனிக்காரப் பெண் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"உங்க வீதிக்கு வேன் வரோணும்னா இன்னும் ஒரு ஆளு வேணுமுங்க அம்மா."

வேன் வராவிட்டால் மகன் அவளை அனுப்ப மாட்டான். மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவான்.

குழுத் தலைவி, "உங்க வீதி ருக்குமணியக்கா மருமக ஊட்லதான இருக்குது, போய்க் கேளுங்க" என்றாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா? சங்கீதா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கே வந்து, "இதுவும் பொட்டப்புள்ளையா?" என்று உதட்டைப் பிதுக்கியவள் அந்த ருக்குமணி. அன்றிலிருந்து அவள் வீட்டுப் படி ஏறியதில்லை.

இன்று ஏறினேன்.

"வாங்க வாங்க. வழி தப்பி வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மருமகள அனுப்பறனுங்க. ஆனா வேன் எங்கூட்டு வாசல்லதான் நிக்கோணும். உங்க பேத்தி இங்க வந்து ஏறிக்கட்டும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

சங்கீதாவிடம் சொன்னால், "அவ்வளவுதானுங்களா அப்பாயி?" என்று சிரித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அவளுக்கென்ன. நாளைக் காலையில் என் பேத்தி காத்து நிற்பதை ருக்குமணி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். நானும் கூடப் போய் நிற்கத்தான் போகிறேன். வேன் வரும்வரை ருக்குமணியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன்.