குற்றம் பதியாத விபத்து

ஜூலை 11, செவ்வாய்

காலை ஆறே முக்கால். மில் சாலை முனை. மெர்வ் டாரண்டின் பிக்கப் வண்டி ஒரு சிறிய காரின் வலப்பக்கத்தில் மோதியது. காரை ஓட்டியவள் லெய்மாரா. பசிபிக் தீவான வனுவாட்டுக்காரி, வேலை விசாவில் ஆஸ்திரேலியா வந்து இங்கே வாழைக் கொட்டகையில் பெட்டி கட்டுபவள். வலது தோள் நொறுங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

வழிவிட வேண்டியவர் மெர்வ். 'வழிவிடு' பலகை அவர் பக்கம்தான். "கரும்பு மறைச்சிடுச்சுடா கிளென். ஏற்கெனவே அபராதப் புள்ளி ஒம்போது. இன்னும் மூணு ஏறினா லைசென்ஸ் போச்சு. அறுவடை நேரம், பாத்துக்க" என்றார். எழுபத்தொரு வயது. என் அப்பா செத்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர்.

கேஸ் போடாமல், எச்சரித்து மட்டும் அனுப்பினேன். என் போலீஸ் அறிக்கை: 'ஓரத்துக் கரும்பு பார்வையை மறைத்தது. நடவடிக்கை தேவையில்லை.'

ஜூலை 12

அந்த முனை வழியாகப் போனேன். கரும்பு இல்லை. வெட்டி நாலைந்து நாளாவது இருக்கும். நேற்று எனக்குத் தெரியாதா?

தெரியும்.

ஆகஸ்ட் 24

கெய்ர்ன்ஸ் நகரத்திலிருந்து லெய்மாராவின் வக்கீல் போன் செய்தாள். "மெர்வ் மேல கேஸ் போடலைங்கறதால நஷ்டஈடு கிடைக்காதுன்னு இல்ல, சார்ஜண்ட். அது வேற, இது வேற. ஆனா அவரோட இன்சூரன்ஸ்காரங்க உங்க அறிக்கையைத்தான் தூக்கிக் காட்டறாங்க. போலீஸே அவர் மேல தப்பில்லன்னு விட்டுடுச்சாம். இவதான் பாத்து வந்திருக்கணுமாம்."

கடைசியாக, "கரும்பு நிஜமாவே மறைச்சுதா?" என்றாள்.

"அறிக்கையில இருக்கறதுதான்" என்றேன்.

ஏன்டா வாயத் திறக்கல? ஒரு வார்த்தை. "இல்ல"ன்னு ஒரு வார்த்தை.

செப்டம்பர் 6

கிளப்பில் மெர்வ் பீர் வாங்கித் தந்தார். குடித்தேன்.

செப்டம்பர் 9, சனி

ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் லெய்மாரா. வலது கையில் இன்னும் கட்டு. பர்ஸை மார்போடு அழுத்திக்கொண்டு இடது கையால் காசு எடுத்தாள். வெளியே வந்ததும் என்னை நிறுத்தினாள்.

"நவம்பரோட என் விசா முடியுது. இன்னொரு ஆபரேஷன் வேணுமாம். எங்க தீவுல அதுக்கு டாக்டர் இல்ல. இந்தத் தோளோட போய் நான் என்ன வேலை செய்வேன்?"

ரொட்டிப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னைக்கு ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டீங்க. லைசென்ஸ் இருக்கான்னு. அவர்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

செப்டம்பர் 11

திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டேன். ஜூலை ஆறாம் தேதியே அந்த வயல் வெட்டியாகிவிட்டது என்று சர்க்கரை மில் கொடுத்த தாளையும் சேர்த்தேன். மெர்வ் மேல் வழிவிடாமல் ஓட்டிய குற்றம். ஓராண்டுக்குள் பதியலாம், பதிந்தேன். "உன்மேலயும் விசாரணை வரும், புரியுதா?" என்றார் மேலதிகாரி. புரிகிறது என்றேன்.

நோட்டீஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மெர்வ் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 3

மெர்வ் ஸ்டேஷனுக்கு வந்தார். உட்காரவில்லை.

"குத்தத்தை ஒத்துக்காதேங்கறான் இன்சூரன்ஸ் வக்கீல். ஒத்துக்கிட்டா அந்தத் தீர்ப்பையே அவ கேஸ்ல சாட்சியா நீட்டுவாங்களாம். கோர்ட்ல நீ என்னடா சொல்லுவ?"

"பாத்ததைச் சொல்லுவேன்."

"அன்னைக்கே எழுதித் தொலைச்சிருந்தா லைசென்ஸோட போயிருக்கும். இப்ப ஊர் முன்னால பொய்யனாவும் நிக்கறேன்."

நீங்கள்தானே கேட்டீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் கேட்டார். சீருடை போட்டிருந்தவன் நான்.

அக்டோபர் 19

கோர்ட்டில் மெர்வ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

இன்சூரன்ஸ் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. கெய்ர்ன்ஸில் ஆபரேஷன், அதற்காக லெய்மாராவின் விசாவை நீட்டித்திருக்கிறார்கள். திங்களிலிருந்து எனக்கு மாவட்ட அலுவலகத்தில் மேசை வேலை. விசாரணை இன்னும் முடியவில்லை.

நொறுங்கிய காரில் கிடந்த தன் பொருட்களை வாங்கிப்போக லெய்மாரா ஸ்டேஷனுக்கு வந்தாள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு குடை, ஒரு பைபிள்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க வக்கீல். நான் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்."

பெற்றுக்கொண்டதாக இடது கையால் கையெழுத்துப் போட்டாள். தாள் நழுவியது. அதை அழுத்திப் பிடித்தேன்.

"விடுங்க, சார்ஜண்ட்."

விட்டேன். தாள் மறுபடி நழுவியது. முதல் எழுத்திலிருந்து மீண்டும் தொடங்கினாள். முடிக்கும்வரை நின்றிருந்தேன்.