அக்காவுக்கு எழுதிய விலாசம்

டப்ளின்
14 ஜனவரி 1929

என் பிரியமான ஹொனோரா அக்காவுக்கு,

டிராலியில் உங்கள் எல்லாருக்கும் சுகம்தானே? பிள்ளைகளின் இருமல் நின்றதா என்று நீ எழுதவே இல்லை.

இங்கே எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸை ஜூரியில் உட்காரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. படுக்கைக்கு அடியில் துப்பாக்கிகளோடு பிடிபட்ட ஒருவனின் வழக்கு. அத்தானிடம் பதமாகச் சொல். உள்நாட்டுச் சண்டையில் தோற்ற அவர் பக்கத்து ஆள்தான் அவன். போகாதீர்கள் என்று கெஞ்சினேன். “விதை வித்துப் பொழைக்கிறவன்டி நான். கண்ணுக்குத் தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னு சொல்றதுக்கு எதுக்குப் பயப்படணும்?” என்கிறார்.

உன் டீலியா

டிராலி
18 ஜனவரி 1929

செல்ல டீலியா,

இருமல் நின்றுவிட்டது. உன் கடிதத்தை வழக்கம்போல் அடுப்படியில் உன் அத்தான் லோர்கனுக்கும் படித்துக் காட்டினேன். “உன் தங்கச்சி புருஷனுக்கு நீதிபதி ஆசை வந்துடுச்சா?” என்று சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

நெஞ்சுவலி என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கச் சொல். உன் வீட்டுக்காரரின் பிடிவாதம் எனக்குத் தெரியும். அழுதாவது தடுத்து நிறுத்து.

உன் அக்கா
ஹொனோரா

டப்ளின்
5 பிப்ரவரி 1929

அக்கா,

தடுக்க முடியவில்லை. பன்னிரண்டு பேரும் ‘குற்றவாளி’ என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் கதவிடுக்கில் ஒரு அச்சடித்த தாள். பன்னிரண்டு பேரின் பெயரும் தொழிலும் போட்டு, ‘துரோகிகள்’ என்று தலைப்பு. ஆம்ப்ரோஸ் ஏழாவது. வேறொரு வழக்கில் ஜூரியாக இருந்தவரை, யாரோ தட்டுகிறார்களே என்று கதவைத் திறந்தபோது சுட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து இங்கே யார் கதவைத் தட்டினாலும் என் கையிலிருப்பது கீழே விழுகிறது.

கடையைப் பூட்டிவிட்டு வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். 31, லார்ச் தெரு. வாசல் பக்கத்து அறையில் படுக்கிறோம். கூடப் பிறந்தவள் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். பாதிரியாருக்குக்கூடச் சொல்லவில்லை.

டீலியா

டிராலி
9 பிப்ரவரி 1929

டீலியா,

இதைத் தபாலாபீஸில் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுதுவது அவருக்குத் தெரியாது.

உன் கடிதத்தை யோசிக்காமல் படித்துவிட்டேன். பழக்கம், டீலியா, பழக்கம். பாதியில் அவர் கேட்டார்: “எந்தத் தெருன்னு சொன்னே? இன்னொரு தடவை படி.” நானும் படித்தேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “எங்கே போனீங்க?” என்றேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அப்புறம் சொன்னார்: “உன் தங்கச்சியை வாசல் பக்கத்து ரூம்ல படுக்க வேணாம்னு சொல்லு.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். அறை மாற்றாதே, வீட்டையே விட்டுப் போ. தாள் கையில் கிடைத்த உடனே கிளம்பு. பாத்திரம், துணி எதையும் பார்க்காதே.

அவரை வெறுத்துவிடாதே. என் பிள்ளைகளின் அப்பா அவர். ராத்திரி முழுக்க என் பக்கத்தில் விழித்தே கிடந்தார்.

ஹொனோரா

20 பிப்ரவரி 1929

அக்கா,

உன் கடிதம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. ஒரே பெட்டியோடு கிளம்பினோம். புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் வந்து, “ஆம்ப்ரோஸ், கொஞ்சம் வெளிய வாங்க” என்று மரியாதையாகக் கூப்பிட்டார்களாம். பதில் வராததும் கதவில் நான்கு குண்டு. எதிர்வீட்டு அம்மா சொல்லி அனுப்பினாள்.

என் புருஷன் உயிரோடு இருப்பது உன்னால். சாகும்வரை மறக்க மாட்டேன். விலாசத்தைக் கொடுத்ததும் அத்தான்தான், எச்சரித்ததும் அத்தான்தான். அந்த ஒரு ராத்திரி அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசிக்கிறேன். மன்னிக்க மட்டும் இன்னும் வரவில்லை.

நாளை மறுநாள் கப்பல் ஏறுகிறோம். எந்த ஊருக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆம்ப்ரோஸ் பக்கத்தில் இருந்து, “எழுதேன், நம்ம அக்காதானே” என்கிறார். இந்தத் தாளை எங்கே வைத்து, யாருக்குப் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. என் கை வரவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

டீலியா