அச்சில் வந்த பெயர்

3 மார்ச் 1986, திங்கள்
அற்புதராஜை இன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு வெளியாள் யாரோ எங்கள் சரக்குப் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். "நான் யாருக்கும் சொல்லல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மேலாளர் துரைசாமி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள், நானும் வாய் திறக்கவில்லை.

4 மார்ச்
அவர் மேசை காலி.

12 மார்ச்
வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போயிருந்தேன். அவர்கள் பிரிண்டர் அருகே கிடந்த தாளில் என் பெயர். கீழேயே என் பாஸ்வேர்ட்!

எங்கள் ஜூரோங் கிடங்குக் கம்ப்யூட்டருக்கு லைன் கிடைக்காவிட்டால், இவர்கள் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் புரோகிராம் நான் எழுதியது. அலுவலகத்தில் அற்புதராஜ் உட்பட எல்லாரும் அதைத்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், உள்ளே யாரும் பார்த்ததில்லை. லைனைத் திருப்பினேனே, ஜூரோங்குக்குக் கொடுத்த பாஸ்வேர்டை அழித்துவிட்டுத் திருப்பினேனா? இல்லை. அதுவும் கூடவே போய், இங்கே அச்சாகி, யார் கண்ணிலும் படும்படி கிடந்திருக்கிறது.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

13 மார்ச்
துரைசாமியிடம் சொன்னேன். சத்தமில்லாமல் சரிசெய், முடிந்ததைக் கிளறாதே என்றார். சரிசெய்தேன் - பத்து நிமிட வேலை! பிறகு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கே கொடுத்துவிட்டேன். என்னையும் அனுப்பினால் அனுப்பட்டும்.

21 மார்ச்
அற்புதராஜைத் திரும்ப எடுக்கிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி.

சொல்ல நானே கிளமெண்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாக இருந்தார். பிறக்கும்போதே இறந்த மகளுக்கு வைக்க நினைத்த பெயர்தான் அவருடைய பாஸ்வேர்டாம். அவருக்கும் மனைவி ரோசம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த பெயர். அவள்தான் யாரிடமோ உளறிவிட்டாள் என்று சண்டை போட்டிருக்கிறார். அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வேலைய விடுங்க, லட்சுமி. ரோசம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க லா."

23 மார்ச், குருத்தோலை ஞாயிறு
சிராங்கூன் சாலைக்குப் பின்னால் அண்ணன் வீடு. ரோசம்மா அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தாள். தப்பு என் மீதுதான், உங்கள் இருவர் மீதும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருந்துகிறார், கூப்பிடுகிறார் என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த குருத்தோலையை மேசைமேல் வைத்தாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"எம் புள்ள பேரு அந்தத் தாள்ல இருந்துச்சா?"

இருந்திருக்கும் என்றேன்.

"நாங்க அத ஒரு தாள்லகூட எழுதி வச்சதில்ல. அது இப்ப எங்க இருக்கு?"

தெரியாது என்றேன். அந்த வாடிக்கையாளர் கம்பெனியில் தினமும் சாயங்காலம் எல்லாத் தாளையும் குப்பையில் போடுகிறார்கள். அதை மட்டும் சொல்லவில்லை.