கழுவி வரும் டப்பா

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நானும் குழந்தையும் நலம். உங்கள் தம்பியும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் குழந்தை கேட்டு அவரிடம் ஒப்பித்துவிடுவாள். குழந்தை தூங்கியதும் எழுத உட்கார்ந்தேன்.

எடை குறைய வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்ததிலிருந்து, சட்டையெல்லாம் கொடியில் காய்வதுபோல் அவர்மேல் தொங்குகிறது. பனியன்கூட இல்லாமல் வீடெல்லாம் உலாத்திய மனுஷர், இப்போது சட்டை மாற்றக் கதவைத் தாழ் போடுகிறார். தோல் மடிந்து தொங்குகிறதே, கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு செண்ட் பாட்டில் வந்தது. கேட்டால், “வாய் நாறுது, ஆபரேஷன் பண்ணினா அப்படித்தானாம்” என்கிறார். வாய் நாற்றத்துக்குச் சட்டையில் செண்ட் அடிப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் வயிற்றின்மேல் படுத்துத்தான் இவள் கதை கேட்பாள். இப்போது, “எலும்பு குத்துதுப்பா” என்று இறங்கிவிடுகிறாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் குடைந்தது அவருடைய சாப்பாட்டு டப்பா. டாக்டர் சொன்னபடி மசித்த பருப்பும் முட்டையும் வைத்து அனுப்புகிறேன். கல்யாணமானதிலிருந்து ஒரு ஸ்பூன்கூடக் கழுவாதவர். இப்போது மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, சோப்பு வாசனையோடு டப்பா திரும்பி வருகிறது. ரப்பரைக் கழற்றிக் கழுவுவது பெண் கைதான் அண்ணி. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

போன வாரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். அவர் உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். பில் போடும் பெண் பின்னறையில் நம் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்! நேராக அவள் முன்னால் போய் நின்றேன். அவளோ குழந்தையைப் பார்த்ததுமே அடையாளம் கண்டு, “அய்யோ, அக்காவா! எனக்குன்னு தினம் தனியா குடுத்து விடறீங்களாமே, சார் சொன்னாரு. தப்பா நினைக்காதீங்க, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போடுங்க” என்றாள். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். “பசியே இல்லையாமே? காபி மட்டும் குடிப்பாரு” என்றாள்.

வேறு பெண் என்றால்கூட மல்லுக்கு நின்றிருப்பேன். இதற்கு யாரோடு சண்டை போட?

வீட்டில் கேட்டதற்கு, “சாப்பிட்டா மறுபடி ஏறிடும். அக்கா கேட்டா என்ன சொல்றது?” என்றார். சத்து மாத்திரைகள் பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் கிடக்கின்றன. நேற்று பஸ் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாராம். வெயில் என்கிறார். நான் நம்பவில்லை. இப்போது அவர் சொல்லும் எதையுமே நம்புவதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார்.

வாராவாரம் போனில் நீங்கள் எடை கேட்பது நல்லதற்குத்தான், தெரியும். ஆனால் ஞாயிறு நீங்கள் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் எடை மெஷினில் ஏறுவார். இறங்கி வாட்சைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறுவார். நீங்கள் சபாஷ் சொன்னால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

ஒன்று கவனித்தீர்களா? ஆபரேஷனுக்குப் பிறகு நாம் யாருமே அவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. மனசு நோகுமே என்று நிறுத்திவிட்டோம். வாசலுக்கு வரும் கேஸ்காரரைக்கூடக் கேட்கிறோம்.

இந்த ஞாயிறு எடையைக் கேட்காதீர்கள் அண்ணி. “சாப்பிட்டியாடா?” என்று கேளுங்கள். பொய் சொன்னால் குரலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். டாக்டரிடம் போ என்று நீங்கள் அதட்டினால் போவார். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

எத்தனை கிலோவாக இருந்தாலும் சரி, அவர் எனக்கு வேண்டும்.

உங்கள் ஆசியை நம்பியிருக்கும்
தம்பி மனைவி