வயிற்றுச் சுவரின் வழவழப்பு

என் அருமை மகள் பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, டாக்டர் சோதித்துச் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். போன மாதம் போனில் கேட்டபோது அப்பாவுக்கு வாயுத் தொந்தரவு, வேறொன்றுமில்லை என்று அம்மா சொன்னாள் அல்லவா, அது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், அவளைக் கோபிக்காதே. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பயப்படாமல் படி.

நூலகத்தின் பின்னறையில் காலை ஏழு மணிக்கு எங்கள் முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். பதினோரு பேர், எல்லோரும் நரைத்தவர்கள், பாய் விரித்துத் தரையில்தான் உட்காருகிறோம். நாற்பது வருஷம் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் பதித்த முட்டி எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா, பத்து நிமிஷம் சம்மணம் போட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். ஆனால் தரையிலேயே பிழைத்தவன் தரையில் உட்கார முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? டீச்சர் நம் சின்னவன் வயதுப் பெண், அவளிடம் நாற்காலி கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, வகுப்புக்குக் கிளம்பும் முன் வெறும் வயிற்றில் இரண்டு போட்டுக்கொள்வேன். வலி போன இடம் தெரியாது. ஐந்து மாதம் இப்படியே போயிற்று. பிறகு வயிறு எரிந்தது, சோடா குடித்துச் சமாளித்தேன். அப்புறம் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அதையும் மூடி மறைத்தேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தலை சுற்றிச் சரிந்துவிட்டேன், கூடப் படிக்கும் பழைய வாட்ச்மேன்தான் தாங்கிப் பிடித்தார். அம்மா வந்து என் பையை உதறியபோது நோட்டுக்குள்ளிருந்து காலி மாத்திரை அட்டைகள் ஏழெட்டு விழுந்தன. படிக்கப் போறேன் படிக்கப் போறேன்னு சொல்லி மருந்துக்கடையையே தின்னுட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கு வயசு அறுபத்தெட்டா, ஆறா என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். டிவி மாதிரி ஒரு பெட்டியில் அது எனக்கும் தெரிந்தது. உள்சுவர் முழுக்க ஈரமாக, பளபளவென்று இருந்தது, ஓரிடத்தில் மட்டும் பூச்சு உதிர்ந்த சுவர் மாதிரி வெள்ளையாக ஒரு குழி. அங்கிருந்து துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் என் அண்ணன் நினைப்புத்தான். உன் பெரியப்பாவுக்கும் இப்படிக் கறுப்பாகப் போய்த்தான் தொடங்கியது. உனக்கு ஒன்றுமில்லை, வெறும் புண்தான் என்று நாங்கள் எல்லோரும் அவரிடம் சொன்னோம். உண்மையை எழுதிய டாக்டர் சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. நாலு மாதத்தில் போய்விட்டார்.

ஆறாம் நாள் டாக்டர் சிரித்த முகமாக, ஐயா உங்களுக்கு ஒண்ணுமில்லை, வெறும் புண்தான் என்றார். அண்ணனிடம் நாங்கள் சொன்ன அதே பேச்சு. அம்மாவைப் பார்த்தேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரி, இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். டாக்டரம்மா, அதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க, நானே படிச்சுக்கிறேன் என்றேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார். நான் படிக்கும் வேகம் ஆமை வேகம் அல்லவா, விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். முதல் வார்த்தை புற்றுநோய். அடுத்த வார்த்தைக்கு விரல் நகரவே இல்லை. அம்மா என் விரலைப் பிடித்துத் தள்ளினாள். இல்லை என்று இருந்தது. புற்றுநோய் இல்லை. புண் மட்டும்தான். ஆறிவிடும். மூன்று தடவை படித்தேன். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அழுது முடித்ததும், அப்படியென்றால் புண் ஏன் வந்தது என்று கேட்டேன். வயிற்றுக்குள் ஆசிட் ஊறுகிறதாம் பெரியவளே. டைல்ஸ் மேலிருக்கும் சிமென்ட் கறையை நாங்கள் கழுவுவோமே, அதே வகை ஆசிட். அப்படியென்றால் வயிறு ஏன் வெந்து போகவில்லை என்றேன். ஆசிட்ல கை வைக்கும்போது நீங்க கிளவுஸ் போடுவீங்கல்ல, வயிறும் போட்டிருக்கு என்றார் டாக்டர். எங்க மேஸ்திரி நாற்பது வருஷத்துல ஒரு ஜோடி குடுக்கலைங்க, வயித்துக்கு யார் குடுத்தா என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டியில் பளபளத்தது அதுதான். சளி மாதிரி வழவழப்பான ஒரு பூச்சு, உள்சுவர் முழுவதும் படிந்திருக்கிறது, ஓயாமல் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கிறது. நான் போட்ட மாத்திரை அந்த ஊற்றைக் குறைத்துவிட்டது, பூச்சு மெலிந்த இடத்தில் ஆசிட் சதையைத் தின்றுவிட்டது. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் சளியும் காவலுக்குத்தானாம். டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் தூசியில் பாதி மூக்குச் சளியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். தினமும் சாயங்காலம் வெள்ளை வெள்ளையாகச் சிந்தி எறிந்து, சனியன் பிடித்த சளி என்று திட்டியிருக்கிறேன். சம்பளம் வாங்காமல் எனக்காக வேலை பார்த்ததைத் திட்டியிருக்கிறேன் பார்.

இப்போது வலி மாத்திரையை நிறுத்தியாயிற்று. புண்ணுக்கு எட்டு வாரம் மருந்து, எரிச்சல் குறைந்துவிட்டது, இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறேன், மூன்றாவது வேளைக்கு அம்மா விரட்டுகிறாள். டீச்சரிடம் வாய் திறந்து நாற்காலி கேட்டேன். இவ்வளவுதானே தாத்தா, முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று தூக்கிவந்து போட்டாள். மறுநாள் வாட்ச்மேனும் இன்னும் மூன்று பேரும் மெல்ல எழுந்து எங்களுக்கும் ஒண்ணு என்றார்கள்.

நீ தலைவலிக்கு வெறும் காப்பியோடு மாத்திரை போடுகிறாய் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் கண்ணு. முதலில் டாக்டரைப் பார், அவர் எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்கிறாரோ அதைச் சாப்பாட்டுக்குப் பிறகே போடு. மாப்பிள்ளையிடமும் சொல்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி நான் உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன், நீயும் என்னிடம் மறைக்காதே. உடம்புக்கு என்ன வந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுது, பெரிய எழுத்தில் எழுது. கடைசி வார்த்தை வரை படித்து முடிக்காமல் நான் பயப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அப்பா